ரெடியான வண்டி

தொண்ணூறுகளின் கடைசி. காந்திபுரத்தில் ஏறிய டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"ஏனுங்க, பழைய ஜப்பான் பைக் ஒண்ணு சரி பண்ணீட்டிருந்தீங்களே, முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுருச்சுங்க. அதனாலதான் பஸ்ல வாரேன்."

கேட்டவருக்குப் புரியவில்லை. ஜன்னலோரம் இருந்தவர் விளக்கினார்.

"அது மாமனாரு வண்டிங்க. ஆனைமலையில அவரு கட்டுத்தறில, மாட்டுக்குப் பக்கத்துல துருப்புடிச்சுக் கெடந்துச்சு. எங்களுது லவ் மேரேஜுங்களா, அவரு எங்கூடப் பேசறதில்ல. ஊட்டுப்படி ஏற உடமாட்டாரு. 'அந்த இரும்ப வேணா எடுத்துக்கச் சொல்லு'ன்னு என்ற சம்சாரத்துகிட்டச் சொல்லிப்போட்டாரு."

"நீங்களும் எடுத்துட்டு வந்துட்டீங்க."

"இஞ்சினும் சேஸும் மட்டுந்தானுங்க பழசு. டிஸ்க் பிரேக்கு, அலாய் வீலு, ஹேண்டில் பாரு எல்லாம் புதுசு. போன ஞாயித்துக்கெழமை கொண்டுபோய் அவரு வாசல்லயே நிறுத்துனேன். சுத்திச்சுத்திப் பாத்தாரு. சாவிக்குக் கை நீட்டுனாரு. ஓட்டிட்டுப் போனவரு ரொம்ப நேரமா வரவேயில்ல. வெயில்ல நிக்கறனேன்னு மாமியா உள்ள கூப்புட்டு எல போட்டாங்க."

"பரவால்லையே."

"பாதிச் சாப்பாட்டுல அவரு வந்து நின்னாருங்க. நானு எலைய உட்டு எந்திரிக்கப் போனேன். ஆனா அன்னிக்குத்தான் மொதத் தடவையா மாப்ளன்னு கூப்புட்டாரு."

"அப்பறமென்னுங்க, எல்லாம் சரியாப் போச்சு."

"'மெதுவாச் சாப்புடுங்க மாப்ள, கோயமுத்தூர் பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்குது'ன்னாருங்க."