எலுமிச்சை மூடி

விடியற்காலை ஐந்து மணி. ரங்கூன் பக்கம், இன்சீன் தண்டவாளத்தை ஒட்டிய சாலை. கரண்ட் இல்லை, ஆளும் இல்லை. என் வீட்டுக்காரர் சைக்கிளில் ஏறிவிட்டுத் திரும்பி, "எலுமிச்சை தீந்துபோச்சு, வாங்கி வை" என்றார்.

அவ்வளவுதான், அவர் கடைசியாகப் பேசியது.

இன்றைக்கும் கரண்ட் இல்லை. மெழுகுவத்தியைச் சுற்றி உட்கார்ந்து, பேய்க் கதை சொல் என்கிறீர்கள். எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

என் வீட்டுக்காரருக்குப் பழைய பாட்டில் கழுவும் கம்பெனியில் வேலை. கழுவிய சோடாக் காரத் தண்ணீர் பின்பக்கத் தொட்டிக்குப் போகும். அதில் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, காகிதத்தை நனைத்துப் பார்க்க வேண்டும். நீலம் என்றால் காரம் இருக்கிறது. பச்சையானால்தான் சாக்கடைக்குத் திறக்கலாம். காகிதம் இல்லாத நாளில் விரலால் பார்ப்பார்கள். வழுக்கினால்... காரம்.

வீட்டுக்கு வந்ததும் வெளிக்குழாயில் கையைக் கழுவி, வழுக்கல் போகும்வரை எலுமிச்சை மூடியைத் தேய்ப்பார். போகாமல் எங்கள் மகள் ரேவதியைத் தூக்க மாட்டார். அவளுக்கு அப்போது இரண்டு வயது. "அப்பா கை இன்னும் வழுக்குதுடா கண்ணு, இரு" என்பார்.

தொட்டியின் அடியில் தங்கும் சேற்றை ஒரு குழியில் கொட்டுவார்கள். மேலே வெள்ளையாகக் காய்ந்து, பார்த்தால் சிமெண்ட் தரை. கோடையில் அதன்மேல் குறுக்கே நடப்பது அவர்களுக்குப் பழக்கம். எலுமிச்சை கேட்டுப் போன அன்றைக்கு, பருவத்தின் முதல் மழை பெய்து அந்த ஓடு ஊறியிருந்தது. அவர் பழக்கத்தில் நடந்து, உள்ளே போய்விட்டார்.

கூட வேலை செய்யும் கோ ஆங் வந்து சொன்னபோது, எலுமிச்சையை நறுக்கிக் குழாயடியில் வைத்திருந்தேன். அதை எடுக்கத் தோன்றவில்லை.

மறுநாள் எல்லாம் முடிந்தது. அன்றிரவு... கிரீச். குழாய் திறந்தது. தண்ணீர் வெகுநேரம் கொட்டியது. நனைந்த சுண்ணாம்பு வாசனை. பிறகு ஈரக்கால் சத்தம், வாசல்வரை. நின்றது. மறுபடி குழாயடிக்கே போனது.

காலையில் எலுமிச்சை மூடி வெறும் தோலாகத் தேய்ந்து கிடந்தது.

"பெருச்சாளியா இருக்கும், பாமா" என்கிறார் எதிரே உட்கார்ந்திருக்கும் ரெங்கசாமி அண்ணன்.

"பெருச்சாளி குழாயத் தெறந்துட்டு, மறக்காம மூடிட்டும் போகுமாண்ணே?"

சிரியுங்கள். எனக்கும் முதலில் எலி என்றுதான் தோன்றியது.

கருமாதி முடிந்தது. சத்தம் நிற்கவில்லை. மூன்று வருடமாகிறது. தினமும் குழாயடியில் ஒரு எலுமிச்சை மூடி வைக்கிறேன். வைக்காவிட்டால், கழுவாத கையோடு வந்துவிடுவாரோ... காலையில் எழுந்ததும் அந்தத் தோலைத்தான் முதலில் தொட்டுப் பார்ப்பேன். வழுக்கல் போய்விட்டால் அவர் உள்ளே வந்து பிள்ளையைத் தூக்குவார்.

ரேவதி வாசல் பக்கம்தான் படுக்கிறாள். மாற்றிப் படுக்க வைத்தாலும் தூக்கத்தில் அங்கேயே உருண்டு போகிறாள்.

இன்று காலையும் தோல் வழுக்கியது.