மக்கு: நாலாவது அர்த்தம்

— அப்ப மடையன்னா சமையல்காரனா?

— மடைன்னா பழைய தமிழ்ல சோறு. சோறாக்குறவன் மடையன். அது எப்படித் திட்டாச்சுங்கறதுக்கு ஆளுக்கொரு கதை சொல்வாங்க. ஏன் அங்கயே நிக்கிற? உள்ள வந்து உக்காரேன்.

— இருக்கட்டும், இங்கயே நிக்கிறேன். மட்டி?

— சிப்பி. வாயை மூடிக்கிட்டுக் கிடந்த இடத்துலயே கிடக்கும், அதனாலயோ என்னவோ. ஆமா, பன்னெண்டு வருஷமா என் அகராதிச் சீட்டையெல்லாம் நீதான் தட்டச்சு பண்ற, ஒருநாளும் அர்த்தம் கேட்டதில்ல. இன்னிக்கு என்ன, காலங்காத்தால திட்டு மேல இவ்வளவு பாசம்?

— மக்கு?

— அது உனக்குத் தெரியாதா? நீதான்!

— சிரிக்காம சொல்லுங்க.

— சரிம்மா, சரி. ஒண்ணு, புத்தி மந்தமானவங்க. ரெண்டு, மரச்சாமான்ல வெடிப்பு, ஓட்டை இருந்தா, பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி பூசி அடைப்பாங்களே, அந்தப் பசை.

— அப்ப நான் எந்த ஓட்டையை அடைக்க வந்தேன்?

— அடேங்கப்பா! மூணாவதா ஒண்ணு இருக்கே, செல்லமாச் சொல்றது. அதான் உன்னோடது. அதுக்குத்தான் ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம் இன்னும் கிடைக்கல.

— கிடைச்சிடுச்சு. ஏழாம் நம்பர் எழுதி அனுப்பியிருக்கா.

— யாரு, புதுசா சொல் சேகரிக்க வந்திருக்காங்களே, அவங்களா? கொண்டா பாப்போம். என் கண்ணாடி எங்க போச்சு? அது இல்லாம எல்லாமே மங்கலாத் தெரியுது.

— சீட்டு மனப்பாடமா இருக்கு, நானே சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். காதுல விழாத வாக்கியத்தைச் சீட்டுல எழுதலாமா?

— கூடவே கூடாது! யார் சொன்னது, யார்கிட்ட, எந்த இடத்துல, மூணும் இருந்தாகணும். கற்பனையா எழுதினா வேலையை விட்டே அனுப்பிடுவேன். நான் போட்ட சட்டம் அது.

— நல்ல சட்டம். கேளுங்க. 'தலையைத் துவட்டு மக்கு, சளி பிடிக்கப்போகுது.' தொனி: செல்லம். சொன்னவர்: எண் ஒண்ணு. எண் ஒண்ணுன்னா பதிப்பாசிரியர். நீங்க.

— நானா?

— கேட்டவர்: எண் ஏழு. இடம்: 'என் வீட்டுச் சமையலறை.' அவ வீடு, நம்ம வீடு இல்ல.

— அது… அன்னிக்கு மழை. சும்மா ஒதுங்கினேன். பேச்சுவாக்குல வாயில வந்திருக்கும்.

— நாலு சீட்டுங்க. நாலு தேதி. நாலு நாளும் மழையா? பாவம், உங்க சட்டத்துக்குப் பயந்து ஒண்ணு விடாம எழுதியிருக்கா.

— ஒரு வார்த்தைக்கா இவ்வளவு? உனக்குப் பிடிக்காத வார்த்தைதானே அது! உங்கம்மா எதிர்ல அப்படிக் கூப்பிடாதீங்கன்னு என்கூட ரெண்டு நாள் பேசாம இருந்தவதானே நீ?

— இருந்தேன். உள்ளுக்குள்ள இனிச்சது உங்களுக்கு எங்க தெரியப்போகுது? அவளைக் கண்ணுன்னு கூப்பிட்டிருக்கலாம், தங்கம்னு கொஞ்சியிருக்கலாம். ஒரு அகராதியே உங்க கையில இருக்கு. அதையெல்லாம் விட்டுட்டு என் வார்த்தையைத்தானா எடுத்துக் கொடுக்கணும்? எரியுதுங்க. அவ கையெழுத்துல அதைப் பார்த்ததுலேர்ந்து வயிறெல்லாம் எரியுது.

— தப்புதான். ஒத்துக்கறேன். அந்த நாலு சீட்டையும் கொடு, இப்பவே கிழிச்சுப் போட்டுடறேன்.

— நேத்தே அச்சகத்துக்கு அனுப்பிட்டேன். வாக்கியம் நல்லாத்தான் இருந்துச்சு, வீணாக்க மனசு வரல. கூடவே நாலாவதா ஒரு அர்த்தமும் நானே சேர்த்தேன்.

— மக்குக்கு நாலாவது அர்த்தமா? அப்படி ஒண்ணும் கிடையாதே!

— இருக்கு. 'ஒரு வார்த்தை தனக்கு மட்டும்தான்னு பன்னெண்டு வருஷம் நம்பினவள்.' உங்க சட்டப்படி எடுத்துக்காட்டும் போட்டிருக்கேன். 'இந்த மக்கு கிளம்புறா.' சொன்னவர்: மனைவி. கேட்டவர்: எண் ஒண்ணு.

— இடம்?

— கண்ணாடி உங்க தலை மேலதான் இருக்கு. இறக்கிப் போட்டுக்கிட்டு வாசலைப் பாருங்க, நான் நிக்கிறதும் தெரியும், கையில பெட்டியும் தெரியும்.