விழுங்கி முடிக்கும்வரை

மரவிரியனுக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைப்பது வீண் வேலை, சார். எட்டிக்கூடப் பார்க்காது. இலைமேல் தெளிக்க வேண்டும். அதில் நிற்கும் சொட்டுகளைத்தான் குடிக்கும். அந்தத் தெளிக்கிற வேலையை என் மச்சானிடம் கொடுத்திருந்தேன்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. வேலை போனபின் எங்களோடு வந்து தங்கினான். தங்கமான பையன். நான் ஏசி மெக்கானிக். பின்னறையில் நான்கு கண்ணாடிப் பெட்டிகள், பெட்டிக்கு ஒரு விரியன். சூடு ஏறாமல், குளிர் தாக்காமல் பார்த்துக்கொள்வேன். "மாமா, பாம்புக்கு ஏசி, எனக்கு ஓட்டை ஃபேனா?" என்பான். நானும் சிரிப்பேன். அவன்மேல் எனக்கு எந்த மனக்கசப்பும் கிடையாது. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்த பச்சை விரியன் சாப்பிடவே இல்லை. முதுகெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. செத்த எலியை வெந்நீரில் சூடாக்கி, நீண்ட இடுக்கியில் பிடித்து அதன் முகத்துக்கு நேரே ஆட்டுவேன். தலையைத் திருப்பிக்கொள்ளும். எனக்கும் சோறு இறங்கவில்லை. "நான் காய்ச்சல்ல கெடந்தப்ப இவ்வளவு உருகுனீங்களா?" என்று மனைவி கேலி செய்தாள்.

அந்த மதியம் அவள் வேலைக்குப் போயிருந்தாள். பச்சை சட்டென்று எலியைக் கவ்வியது. இடுக்கியை மெல்ல விலக்கினேன். கிளையில் தொங்கியபடியே மெல்ல மெல்ல விழுங்கும், சார். பாதியில் மிரண்டால் கக்கிவிடும். அவ்வளவு மெலிந்தது கக்கினால் பிழைக்காது.

அப்போதுதான் பக்கத்துப் பெட்டியில் தெளித்துக்கொண்டிருந்தவன், "மாமா, கடிச்சிருச்சு" என்றான்.

நான் திரும்பவில்லை. "கத்தாத. மோதிரத்தக் கழட்டு. வெளிய போய் உக்காரு. இது முழுங்குனதும் வண்டிய எடுக்கறேன்."

"சீக்கிரம் மாமா. எரியுது."

சொன்ன பேச்சைக் கேட்பவன். கடித்த பாம்பின் பெட்டியை ஒழுங்காக மூடிவிட்டுத்தான் போனான். அவன் போன் மேசைமேல் இருந்தது. அடித்தால் அதிர்வில் பாம்பு மிரளுமே என்று அணைத்து வைத்தேன்.

அவனைக் கடித்த அதே விரியன் என்னையும் இரண்டு முறை கடித்திருக்கிறது. கை வீங்கியது, பிறகு வடிந்தது. ஆளைக் கொல்கிற விஷமில்லை என்றிருந்தேன். ஆனால் மச்சானுக்கு இதய வால்வு மாற்றியிருந்தார்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை. விரியன் விஷமும் ரத்தத்தை உறையவிடாது. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகுமென்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். அந்த மாத்திரையை மருந்துக்கடையில் வாங்கி வருவதே நான்தான்.

எலியின் வால்நுனி உள்ளே போனபிறகும், அந்தப் புடைப்பு வயிற்றுக்கு இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

வெளியே வந்தால், சுவரில் சாய்ந்து கிடந்தான். ஈறெல்லாம் ரத்தம். தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆஸ்பத்திரி எங்கள் தெருமுனையில்தான். உயிர் போய்விட்டது என்றார்கள்.

நேற்று மனைவி இங்கே ஸ்டேஷனுக்கு வந்தாள். அழவில்லை.

"அவன் உங்களக் கூப்பிட்டிருப்பானே. கேக்கலையா?"

"கேட்டுச்சு. ரொம்ப நேரம் கூப்பிட்டான். அதனாலதான் எழுந்து கதவச் சாத்துனேன்."

அவள் இரண்டடி பின்னால் நகர்ந்தாள். தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதே என்று, மெதுவாகத்தான் சாத்தினேன் என்பதையும் சொன்னேன்.