மழைக்கு நடுங்கும் மணி

நுவரெலியாவிலிருந்து அக்கரப்பத்தனை போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவளின் மடியில் ஒரு மருந்து உறை.

"நாய்க்குப் பயத்துக்கு மாத்திர குடுத்திருக்காங்க அக்கா."

நான் பேப்பரை மடித்துவிட்டேன். இதைவிட நல்ல செய்தி அதில் இல்லை.

"நாய்க்கு என்னா பயம்?"

"மழைக்கு. எங்க தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னால மண்ணு சரிஞ்சதுல இருந்து, தூறல் விழுந்தாலே மணி நடுங்குது. நாங்க சிறுத்தப்புலி வாடைக்குப் பயப்படுதுன்னு நெனச்சு உள்ள வச்சுப் பூட்டினோம். தகரக் கூரையில மழைச் சத்தம் உள்ளதானே கூடக் கேக்கும். கதவையே பிறாண்டிருச்சு."

"வெறின்னு சொல்லியிருப்பாங்களே."

"அடிச்சுப் போடச் சொன்னாங்க. ஆட்டோவுல தூக்கிப் போட்டு மிருக டாக்டர்கிட்ட ஓடினேன். வெறி இல்ல, பயம்னாரு. மழ விட்டா சரியாயிருதான்னு கேட்டாரு. மழ விட்டும் ரெண்டு நாளைக்குத் திங்காது, தூங்காது, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடும்னேன். அப்ப மாத்திர வேணுந்தான்னாரு."

மூத்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அது நமக்குந்தானே புள்ள இருக்கு."

"ஆமாக்கா."

"இப்ப எப்படி?"

"மூணு வாரமாக் குடுக்கிறேன், இது மறுபடி வாங்கினது. நேத்து மத்தியானம் அவ்வளவு மழ. மணி வாசல்ல சாக்குல படுத்துத் தூங்குச்சு. அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். எப்ப கண்ணசந்தேன்னு தெரியல. மண்ணு சரிஞ்சதுக்கப்புறம் மழையில நான் தூங்கினது நேத்துதான்."