சின்னவள் முன்னால் போனாள்

சரளைப் பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். நிறைய பேருக்கு இது தெரிவதில்லை. கல் மாதிரி இறுக்கிக் காற்றடித்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு பொடிக்கல்லுக்கும் துள்ளித் துள்ளிப் போவார்கள். கட்டைவிரலால் அழுத்தினால் டயர் லேசாக உள்ளே போக வேண்டும். சின்னவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அன்று காலையில் அவள் டயர்களையும் பிரேக்கையும் பார்த்துக் கொடுத்ததும் நான்தான். சைக்கிளில் ஒரு குறையும் இல்லை. அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டாம்.

சின்னவள் என் ஓரகத்தி. என் கணவருடைய தம்பி மனைவி. மாமியாரோடு எல்லாரும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. அவள் கல்யாணமாகி வருவதற்கு முன்னால், மாடியில் ஆற்றைப் பார்த்த அறையில் நாங்கள் இருந்தோம். வந்த புதிதில் ஒருநாள் சாப்பிடும்போது எல்லார் எதிரிலும் கேட்டாள்.

"அக்கா, அந்த ரூம் எங்களுக்குக் கிடைக்குமா? உங்களுக்குக் கஷ்டம்னா வேண்டாம்."

என் கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "சின்னப் பொண்ணு கேக்குறா, குடுத்துடேன்" என்றார். கொடுத்தேன்.

நீங்கள் அக்கம்பக்கத்தில் விசாரித்திருப்பீர்கள். தங்கமான பெண் என்று சொல்லியிருப்பார்கள். சரிதான். அவள் எதையும் பிடுங்கிக்கொண்டதில்லை. கேட்டுத்தான் வாங்குவாள். என் தையல் மெஷினைக் கேட்டாள். ஜன்னலோரம் நான் உட்காரும் நாற்காலியைக் கேட்டாள். வாங்கிக்கொண்ட பிறகு, "எங்க அக்கா குடுத்தது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். பிடுங்கியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். சண்டை போடுவதற்கு அவள் எனக்கு ஒரு இடம்கூட விட்டுவைக்கவில்லை.

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். இருட்டு அறை, பகலெல்லாம் வலியோடு வருகிற மனிதர்கள். மூச்சை அடக்குங்க, அசையாதீங்க, விடுங்க. வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. அன்றைக்கு மட்டும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். ரயில் பாலத்துக்கு அடியில் தார் ரோடு முடிந்து சரளை தொடங்கும். பாதை ஆற்றை ஒட்டியே பள்ளத்தாக்கில் கொஞ்ச தூரம் போகும். பிறகு காடு. சரளையின் மேல் இலை மூடிக் கிடக்கும், பிரேக்கைத் தொடுவதுபோலத்தான் பிடிக்க வேண்டும். காட்டைத் தாண்டினால் புல் மேடுகள், ஒன்றில் ஏறி இறங்கினால் அடுத்தது. கடைசி மேட்டின் உச்சியில் நின்றால் ஆறு முழுவதும் கீழே தெரியும். அங்கிருந்து காட்டுக்குள்ளேயே இறங்கி மறுபடி ஆற்றங்கரை. பலமுறை வழி தப்பி, முள்ளில் கிழிபட்டு நான் கண்டுபிடித்த சுற்று அது. அங்கே என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.

"ஒரே ஒரு தடவை நானும் வரட்டுமா அக்கா? உங்களுக்குக் கஷ்டம்னா வேண்டாம்." அதையும் எல்லார் எதிரிலும்தான் கேட்டாள்.

வந்தாள். வழியெல்லாம் வாய் ஓயவில்லை. நன்றாகவும் ஓட்டினாள், அதையும் சொல்லிவிடுகிறேன். சீக்கிரமே ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ஓட்டுகிற கூட்டம் ஒன்றில் சேர்ந்தாள். என் பாதையைப் படம் எடுத்து, வரைபடத்தோடு அந்தக் கூட்டத்துக்கு அனுப்பினாள். "எங்க அக்கா கண்டுபிடிச்ச ரூட்" என்று மேலே எழுதியிருந்தாள். யார் அதைப் படித்தார்கள்? ஆட்கள் வந்தார்கள். என் மேட்டின் மேல் வரிசையாகச் சைக்கிளைச் சாய்த்துவைத்து வாழைப்பழத் தோலை எறிந்தார்கள். அதற்குச் 'சின்னவ ரூட்டு' என்று பெயரும் வைத்தார்கள். நான் அவளைக் கூப்பிடுவதைக் கேட்டுக் கற்றுக்கொண்ட பெயர். மருந்துக்கடைக்காரர் ஒருவர் என்னிடம் ரொம்ப மரியாதையாக, "நீங்க இந்த ரூட்டுக்குப் புதுசா?" என்று விசாரித்தார்.

ஆமாம் என்றேன்.

மழையில் ஆறு பெருகி வந்த வெள்ளம் வடிந்த பிறகு, ஒரு வியாழக்கிழமை நான் தனியாகப் போனேன். காட்டிலிருந்து இறங்குகிற பாதையில் ஒரு வளைவு உண்டு. அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று திரும்பும்வரை தெரியாது. அங்கே கரையை ஆறு அரித்து, பாதையோடு கொண்டுபோயிருந்தது. கீழே பாறையும் கலங்கல் தண்ணீரும். சாலைப் பணியாளர்கள் வளைவுக்கு முன்னால் ஆரஞ்சு வலை கட்டி, ஒரு பலகையும் மாட்டியிருந்தார்கள். முடிச்சைப் பார்த்தேன். சாதாரண முடிச்சு. வீட்டுக்கு வந்து துணி மடித்தேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

கோபத்தில் செய்ததாக எழுத வேண்டாம். கோபத்தில் செய்கிறவர்களை நான் ஆஸ்பத்திரியில் தினமும் பார்க்கிறேன். கை நடுங்கும், ஒன்றையும் ஒழுங்காகச் செய்ய மாட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பாதை ஈரம் என்று கூட்டத்தில் யாரும் வரவில்லை. அவள்தான் மாடியிலிருந்து இறங்கி வந்து, "நாம ரெண்டு பேர் மட்டும் போலாமா அக்கா, முன்ன மாதிரி?" என்று கேட்டாள். நான் கூப்பிடவில்லை. போகலாம் என்றேன். கடைசி மேட்டின் உச்சியில் அவள் படம் எடுக்க நின்றாள். எப்போதும் நிற்பாள். நான் காட்டுப் பக்கம் ஒதுங்கிவிட்டு வருவதாகச் சொல்லி இறங்கினேன். வலையை அவிழ்த்து, பலகையையும் கழற்றி, மடித்துப் புதருக்குப் பின்னால் வைத்தேன். வீசி எறியவில்லை, அரசாங்கப் பொருள். திரும்பி ஏறி வந்தேன்.

அவள் எப்போதும் எனக்குப் பின்னால்தான் வருவாள். அக்காவை முந்துவது மரியாதையில்லையாம். அன்றைக்கு, "பாதை காஞ்சிருக்கு. நீ முன்னாடி போ" என்றேன்.

"நெஜமாவா அக்கா?"

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இத்தனை நாளாக அதைக் கேட்கத்தான் நினைத்திருக்கிறாள், கேட்கவில்லை. என்னிடம் அவள் கேட்காமல் விட்டது அது ஒன்றுதான். அதை நானாகக் கொடுத்தேன். நல்ல வேகத்தில் இறங்கினாள்.

பெரிய சத்தமில்லை. சைக்கிள் தண்ணீரில் விழுந்த சத்தம் மட்டும். அதன் பிறகு அவள் கத்தினாள். உதவிக்கு அல்ல.

"அக்கா, வராதீங்க. பாதை இல்ல. அங்கேயே நில்லுங்க."

அடிபட்டுக் கிடக்கும்போதுகூட அவளுக்கு நல்ல பெயர் வேண்டியிருந்தது. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு எரிச்சலாக இருந்தது.

சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு, பக்கவாட்டில் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து இறங்கினேன். அவள் பாறைமேல் கிடந்தாள். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கால் திரும்பியிருந்த விதத்திலேயே தெரிந்தது, தொடை எலும்பு. அந்த எலும்பு உடைந்தால் சில சமயம் ரத்தம் வெளியே வராது, உள்ளேயே சேரும். பார்ப்பதற்கு ஒன்றும் ஆகாததுபோல இருக்கும். நேரத்துக்குக் கொண்டுபோனால் பிழைத்துக்கொள்வார்கள். அப்படி வந்து பிழைத்தவர்களை நானே படம் எடுத்திருக்கிறேன்.

"கால்தான் அக்கா. வேற ஒண்ணும் இல்ல" என்றாள்.

"அசையாதே" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வீட்டுக்கு மட்டும் சொல்லிடாதீங்க அக்கா. இன்னொரு தடவ விழுந்தா சைக்கிளை வித்துடுவேன்னு அவர் சொல்லியிருக்கார். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டுப் போட்டப்புறம் நானே பக்குவமா சொல்லிக்கிறேன்."

சொல்ல மாட்டேன் என்றேன்.

என் ஜாக்கெட்டைக் கழற்றி அவள்மேல் போர்த்தினேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிவிட்டீர்களா என்று கேட்டாள். பண்ணிவிட்டேன், வந்துகொண்டிருக்கிறார்கள் என்றேன். போன் என் இடுப்புப் பையில் இருந்தது. எடுக்கவில்லை. அங்கே சிக்னல் இருக்கும், நீங்களும் போய்ப் பார்த்திருப்பீர்கள். தாகம் என்றாள். குளிர்கிறது என்றாள். ஆறு எவ்வளவு கிட்டத்தில் ஓடுகிறது என்றாள். ஏன் இன்னும் வரவில்லை என்று மறுபடி கேட்டபோது பாதை ஈரமாக இருக்கும் என்று சமாதானம் சொன்னேன். அவள் நம்பினாள். நான் சொல்வதை எப்போதும் நம்புவாள். அதன் பிறகு பேச்சு குறைந்தது. அந்தப் பள்ளத்தாக்கு பழையபடி அமைதியாக இருந்ததை ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் கேட்டேன்.

நாடி நின்றதும் மேலே ஏறி, வலையையும் பலகையையும் இருந்த இடத்திலேயே கட்டினேன். பிறகுதான் போன் செய்தேன். அவளாக வலையை ஒதுக்கிவிட்டுப் போனாள் என்று சொன்னேன். அவள் சைக்கிளில் பூட்டியிருந்த, வேகத்தையும் நேரத்தையும் பதிக்கிற மீட்டரை ஆற்றிலிருந்து எடுப்பீர்கள் என்றோ, அது நின்ற நேரத்துக்கும் நான் போன் செய்த நேரத்துக்கும் நடுவில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்பீர்கள் என்றோ நான் நினைக்கவில்லை. கேட்டுவிட்டீர்கள். உட்கார்ந்திருந்தேன். அதுதான் பதில்.

அவளைக் கொன்றீர்களா என்று நேராகவே கேட்கலாம், சுற்றி வளைக்க வேண்டாம். ஆமாம். கையெழுத்தும் போடுகிறேன்.

ஆனால் நேற்று இங்கே ஸ்டேஷன் வராந்தாவில் என் கொழுந்தன் கேட்டதை மட்டும் சேர்த்து எழுதுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் அவரால் நிற்க முடிந்தது. "விழுந்த உடனே எனக்கு ஏன் அண்ணி சொல்லல?" என்றார். அவரிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்ல வேண்டாம் என்று அவள்தான் என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள் என்றேன். உண்மை அது. அந்த வீட்டுக்கு வந்த நாள்முதல் அவள் என்னிடம் எவ்வளவோ கேட்டிருக்கிறாள். எதையும் நான் இல்லை என்று சொன்னதில்லை. அதற்கும் இல்லை என்று சொல்லவில்லை.