மடங்காத கத்தி

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்தவர் பக்கத்திலிருந்தவரிடம், "மச்சான், உங்க தங்கச்சி இன்னைக்குப் பூவும் பொட்டுமா இருக்கான்னா இந்தக் கத்தியாலதான்" என்றார். அதற்குப் பிறகு என் புஸ்தகம் ஒரு வரி நகரவில்லை.

"ஏலத்தோட்டத்துக்கு நான் போகையில இதைக் குடுத்தீய. பளபளன்னு சீமை மடக்குக் கத்தி தரலையேன்னு முறைச்சேன்."

"முறைச்சீரா? எங்க வீட்டுப் பக்கமே வரலையே வே!"

"போன மழையில ஆத்துல வெள்ளம் வந்துட்டு. காலைக் கொடி சுத்திட்டு. ஒரு கை பாறையில. மடக்குக் கத்தின்னா விரிக்க இன்னொரு கைக்கு எங்க போவேன்? இதை உருவுனேன், அறுத்தேன்."

என் பையிலும் ஒரு சீமை மடக்குக் கத்தி இருந்தது. இரண்டு கையாலும் கெஞ்சினால் மாம்பழம் அறுக்கும்.

"இப்ப நீங்க மலைக்குப் போறீய. இது உங்க கூட இருக்கட்டும்."

"உமக்கு?"

"இதே மாதிரி ஒண்ணு அடிக்கச் சொல்லிட்டேன்."

கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். அதனால் உறையோடு இருக்கையில் வைத்தார். மேலகரம் தாண்டி பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியது. நழுவிய கத்தியை இருவரும் சேர்ந்தே பிடித்தார்கள்.

"போச்சு மச்சான், சண்டை வரப்போகுது."

"வரட்டும் வே. சண்டை போட நீரு இருக்கீரே, அது போதும்."