கடைசிக் கேள்விக்கு டிக் அடிச்சவங்க

உட்காரும்மா அதிதி, ஏன் நின்னுக்கிட்டே இருக்க? நம்பர்தானே, தரேன். தரமாட்டேன்னா சொன்னேன்? ஏழு பேர் நம்பரும் தரேன். ஷூ இருந்தா இருக்கட்டும், இப்படி சோபாவுல உட்காரு. காபி போட்டாச்சு. என்னது, சக்கரை வேணாமா? இந்த ஊர்ல வளர்ந்த புள்ளைங்களுக்கு சக்கரைன்னாலே என்னமோ பாம்பைப் பார்த்த மாதிரி.

அப்புறம் இந்த ஆன்ட்டியை விட்டுடு. எனக்கு நாப்பத்தொண்ணுதான் ஆகுது. வான்மதின்னே கூப்பிடு. வாய் வரலையா? சரி, அக்கான்னு கூப்பிடு.

அவசரம்னு தெரியுதும்மா. அந்த மனச்சோர்வு ஃபாரத்துல பேர் கிடையாது, வெறும் நம்பர்தான். எந்த நம்பர் எந்தப் பொம்பளைன்னு எழுதி வச்ச லிஸ்ட் எங்கிட்டதான் இருக்கு. நேத்துதான் கவரைப் பிரிச்சிருக்கீங்க, பிரிச்சா கடைசிக் கேள்விக்கு ஏழு பேர் அடிக்கடின்னு டிக் அடிச்சிருக்காங்க. இருபத்தி நாலு மணி நேரத்துக்குள்ள நீங்க கூப்பிட்டுப் பேசியாகணும், ரூல் அது. உங்க ப்ரொஃபசரம்மா சாப்பிடாம உட்கார்ந்திருக்காங்க. எல்லாம் புரியுது. நம்ம ரிச்சர்ட்சன் ஊர்ல, அதுவும் ஞாயித்துக்கிழமை தமிழ் ஸ்கூலுக்குப் புள்ளையைக் கூட்டிட்டு வர்ற அம்மாங்கள்ல, ஏழு பேர் செத்தா தேவலைன்னு இருக்காங்களான்னு உனக்கு பயம். நியாயமான பயம்தான். ஆனா இன்னிக்கு யாரும் ஒண்ணும் பண்ணிக்க மாட்டாங்க. எப்படித் தெரியுமா? தெரியும். சொல்றேன், முதல்ல அந்தக் காபியைக் குடி.

அந்தக் கேள்வியை எழுதினதே நான்தானே, மறந்துட்டியா? யுனிவர்சிட்டியில அந்தக் கண்ணாடி ரூம்ல எட்டு பேர் உட்கார்ந்து சண்டை போட்டோமே. உங்க ப்ரொஃபசர் இதே கேள்வித்தாளை லிதுவேனியன் பாஷைக்கு மொழிபெயர்த்து முடிச்ச தெம்புல, தமிழ்தானே, ரெண்டு மாசத்துல முடிச்சிடலாம்னு வந்தாங்க, பாவம். முதல் கேள்விக்கே ரெண்டு வாரம் ஆச்சு. ஒருத்தர் உயிர்வாழும் விருப்பமின்மைன்னு எழுதிக்கிட்டு வந்தாரு. ஐயா, இது என்ன கோர்ட் நோட்டீஸான்னு கேட்டேன். அனந்தலக்ஷ்மி மாமி அந்தக் கேள்வியே வேணாம், அபசகுனம், குழந்தை குட்டி பெத்தவா கையில குடுக்கற பேப்பரா இதுன்னு ஒரே பிடியா நின்னாங்க. நான்தான் சொன்னேன், காலைல கண்ணு முழிக்காமலே போயிட்டா தேவலைன்னு தோணுதா, அப்படின்னு கேளுங்கன்னு. அப்புறம் வேற ஒருத்தர் அதைத் திருப்பி இங்கிலீஷ்ல போட்டுப் பார்த்தப்போ ஒரிஜினல் மாதிரியே அச்சு அசலா வந்துச்சுன்னு நீ கை தட்டின. எப்படி ஆன்ட்டி இவ்ளோ கரெக்டா வந்துச்சுன்னு கேட்ட. சும்மா வாயில வந்துச்சுன்னேன்.

லிதுவேனியா எங்க இருக்குன்னு அன்னிக்கு வீட்டுக்கு வந்து மேப்ல தேடினேன் தெரியுமா. குட்டியூண்டு நாடு. அங்கேர்ந்து சிகாகோவுக்கு வந்த பொம்பளைங்ககிட்டதான் இதைக் குடுத்தாங்கன்னு சொன்னல்ல. அவங்க என்ன டிக் அடிச்சிருப்பாங்கன்னு எனக்கு ஒரே யோசனை. அதுல ஒருத்தியாவது புருஷன் பக்கத்துல உட்கார்ந்திருக்கான்னு எல்லாத்துக்கும் இல்லவே இல்லன்னு போட்டிருப்பா. பந்தயம் கட்டறேன்.

இரு, போன் அடிக்குது. அவர்தான். நீ பேசாத, ஒரு நிமிஷம்.

ஹலோ. ஆமாங்க, பார்த்தீங்களா? அதிதி. அந்த யுனிவர்சிட்டிப் பொண்ணு. ஒண்ணுமில்ல, தமிழ் ஸ்கூல் விஷயமா சும்மா வந்தா. குடுத்துட்டேன், காபி குடுத்துட்டேன். இல்ல, வேர்க்கலைங்க. எழுபத்தாறே போதும். சரி, வைங்க உங்க இஷ்டம். சரி.

பார்த்தியா? நீ பெல் அடிச்ச உடனே அவர் போன்ல உன் மூஞ்சி வந்திடும். வாசல்ல கேமரா. ஏசியும் அவர் ஆஃபீஸ்லேர்ந்தே ஏத்தி இறக்குவாரு. இப்ப பாரு, சத்தம் கேக்குதா, எழுபத்தி நாலுக்கு இறக்கிட்டாரு. விருந்தாளி வந்திருக்காங்களாம், புழுங்கக் கூடாதாம். அப்படி மூஞ்சியைச் சுளிக்காத. முகிலன் கெட்டவரே இல்ல. குடிக்க மாட்டாரு, கத்த மாட்டாரு, ஒரு சொல்லு தப்பா சொல்லமாட்டாரு. எங்கம்மாகிட்ட போய் நான் என்னன்னு குறை சொல்லுவேன்? அம்மா, அவர் ஏசியைக் கம்மி பண்ணிட்டாருன்னா? வெளக்குமாத்தாலயே அடிப்பாங்க.

விடு. எங்க விட்டேன்? ஃபாரம். நாப்பது ஃபாரம் குடுத்த. ரெண்டு வாரம் கழிச்சு அதே நாப்பது பேர்கிட்ட மறுபடியும் வாங்கணும், ஒரே ஆள் ஒரே மாதிரி சொல்றாங்களான்னு பார்க்க. நான் தமிழ் ஸ்கூல் பார்க்கிங் லாட்ல வச்சு குடுத்தேன். வேற எங்க போய்க் குடுப்பேன்? நான் வெளிய போறதே வாரத்துல அந்த ஒரு நாள்தான். நூத்தி ரெண்டு டிகிரி வெயில், கார் பானட் மேல பேப்பரை வச்சு எழுதறாளுங்க. மூணே நிமிஷம். இல்லவே இல்ல, இல்லவே இல்ல, இல்லவே இல்ல. ஒருத்தி பக்கத்துக்காரியைப் பார்த்து, நீ என்னடி போட்ட, நானும் அதையே போட்டுக்கறேன்னு காப்பி அடிக்கறா. சிரிக்காத, நிஜமா! இன்னொருத்தி புருஷன் பேனாவை வாங்கி அவரே டிக் அடிக்கறாரு. இவளுக்குத் தூக்கம்லாம் நல்லா வருதுங்க, குறட்டை விடறாங்கறாரு. நானும் எழுதினேன், ஒண்ணாம் நம்பர் என்னோடதுதான். பதினாலு கேள்விக்கும் இல்லவே இல்ல. அவர் பக்கத்துல நின்னு புள்ளைக்கு சன்ஸ்க்ரீன் தடவிக்கிட்டிருந்தாரு.

ஆக என்னையும் சேர்த்து இருபத்திரெண்டு பேர். மீதிப் பதினெட்டு பேர் வீட்டுக்குப் போய் எழுதித் தரேன்னு கொண்டு போனாளுங்க. போனது போனதுதான். கேட்டா, ஐயோ பையோட வாஷிங் மெஷின்ல போயிடுச்சுங்கறா ஒருத்தி. நீங்களே டிக் அடிச்சிடுங்க, என்னைத் தெரியாதா உங்களுக்குங்கறா இன்னொருத்தி. இந்தப் பக்கம் நீ ஈமெயில் மேல ஈமெயில். நாப்பது வரலைன்னா ஸ்டடியே நின்னுடும்னு. உங்கிட்ட கூடுதலா வெறும் ஃபாரம் வாங்கினேனே, ஞாபகம் இருக்கா?

ஆமா. நான்தான் ஃபில் பண்ணினேன். பதினெட்டும். ரெண்டு தடவையும்.

திட்டு. நல்லாத் திட்டு, கேட்டுக்கறேன். தப்புதான். உங்க ப்ரொஃபசர் ரெண்டு வருஷ உழைப்பு, உன் படிப்பு, எல்லாம் தெரியும். இந்த வீட்டுல காலைல எட்டேகாலுக்கு அவரும் பொண்ணு மிதுலாவும் கிளம்பினாங்கன்னா, திரும்பி ஆள் சத்தம் கேக்க மூணே முக்கால் ஆகும். எனக்குன்னு வந்த ஒரே வேலைம்மா இது. இந்த விசாவுல சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது, இதாவது பேர் போட்ட வேலையா இருந்துச்சு. கம்யூனிட்டி கோஆர்டினேட்டர்னு ஒரு அட்டை குடுத்தியே, அதை ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருந்தேன். முடிக்காம விட மனசு வரல.

பதினொண்ணு ஃபாரத்துல அந்தந்தப் பொம்பளையை மனசுல வச்சு டிக் அடிச்சேன். எல்லாம் சுமார், பரவால்ல, எப்பவாவது. அது கதை. தூக்கிப் போட்டுடு, பாவம் ஒண்ணுமில்ல. மீதி ஏழு.

அந்தப் பன்னெண்டாம் நம்பர்க்காரி. அவங்கப்பா ரெண்டு வருஷம் முன்னாடி விழுப்புரத்துல போயிட்டாரு. இவளால போக முடியல. போனா திரும்பி வர விசா ஸ்டாம்ப் பண்ண தேதி கிடைக்காது, புள்ளை இங்க தனியா நிக்கும், க்ரீன் கார்டு லைன்ல பதினோரு வருஷமா நிக்கறாங்க, இப்ப போய் ரிஸ்க் எடுக்கணுமான்னு வீட்டுக்காரர் பேப்பர்ல பாயிண்ட் பாயிண்ட்டா எழுதிக் காமிச்சாரு. எல்லாம் சரியான பாயிண்ட்டும்மா, ஒண்ணைக்கூட மறுத்துப் பேச முடியாது. கொள்ளி வைக்கறதை போன்லதான் பார்த்தா. தம்பி பிடிச்சுக்கிட்டிருந்த போன் ஆடிக்கிட்டே இருந்துச்சு. அப்பா மூஞ்சியைக்கூட சரியாப் பார்க்கல. அன்னிக்கு மத்தியானமே புள்ளை ஸ்கூல்ல கேக் வித்துக் காசு சேர்க்கற பேக் சேலுக்கு கப் கேக் பண்ணிக் குடுத்தா.

பத்தொம்பதாம் நம்பர்க்காரி இருக்காளே, அவளுக்கு லைசென்ஸ் இருக்கு. ஒரு தடவை கடை வாசல்ல லேசா இடிச்சுட்டா, சும்மா கீறல். அவ்ளோதான், இனிமே நீ ஓட்ட வேணாம்மா, உனக்கு எதுக்கு டென்ஷன், என்ன வேணுமோ சொல்லு, வரும்போது வாங்கிட்டு வரேன்னுட்டாரு புருஷன். அன்பாதான் சொன்னாரு. சாவி இப்ப அவர் பையில. இந்த ஊர்ல கார் இல்லாம நடந்து எங்க போவ? மெயில் பாக்ஸ் வரைக்கும் போலாம், திரும்பி வரலாம்.

இருபத்தேழு, அவ பொண்ணுகிட்ட தமிழ்ல பேசுவா, பொண்ணு இங்கிலீஷ்ல பதில் சொல்லும். ஒரு நாள் என்ன கண்ணு சாப்பிட்டியான்னு கேட்டா, அது ஹெட்ஃபோனைக்கூட எடுக்காம கையைக் காட்டிட்டுப் போயிடுச்சு. சின்ன விஷயம்தான், எல்லா வீட்லயும் நடக்கறதுதான். அவளுக்கு அன்னிக்கு நாள் முழுக்க யாரும் ஒரு வார்த்தை பேசலைன்னு ராத்திரி படுக்கும்போதுதான் தோணிச்சாம்.

என்ன பெருமூச்சு விடற? ஓ. எல்லாம் நானே எழுதினதுன்னா, அப்ப அந்த ஏழு பேரே கிடையாது, யாருக்கும் ஆபத்து இல்லன்னு நிம்மதியா? பையை வேற எடுத்துட்ட. ப்ரொஃபசருக்கு உடனே சொல்லணுமா? சொல்லு, சொல்லு. ஸ்டடி போச்சுன்னு கோவப்படுவாங்க, ஆனா இன்னிக்குச் சாப்பிடுவாங்கல்ல.

இரும்மா. நம்பர் வேணும்னுதானே வந்த, எழுதிக்காமப் போறியே. ரூல்னா ரூல்தானே, கேட்டுப் பேசியாகணும்ல. அதுவும் ஏழு பேருன்னதும்தான் நீ முப்பது மைல் கார் ஓட்டிட்டு வந்திருக்க. ஒருத்தின்னா நாளைக்குப் பார்த்துக்கலாம்னு ஒரு மெசேஜ் போட்டிருப்ப. தப்பா சொல்லல, யாரா இருந்தாலும் அப்படித்தான்.

எழுதிக்கோ. பன்னெண்டாம் நம்பர்க்காரி. ஃபோர் சிக்ஸ் நைன். ஃபைவ் ஃபைவ் ஃபைவ். ஸீரோ ஒன் செவன் டூ.

என்ன, எழுதாம என்னையே பார்க்கற? ஆமா, உன் போன்ல என் பேர்ல இருக்கற நம்பர்தான். பத்தொம்பதுக்கும் அதையே போட்டுக்கோ. இருபத்தேழுக்கும். ஏழு பேருக்கும் அதேதான்மா.

பையைக் கீழ வை. மிதுலா வர்றதுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு, நீ கேக்க வேண்டியதைக் கேளு.